இளநிலை மாணவர்களின் கூட்டு ஆராய்ச்சி: ஜார்ஜியா டெக்கின் வி.ஐ.பி. திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரிகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மின்னணுவியல் பாடம் நடத்தியவன் நான். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருக்கும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம், இளநிலை மாணவர்களைப் பல துறைக் குழுக்களாகச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தொழில்நுட்ப ஆராய்ச்சி செய்ய வைக்கிறது. அந்த முறையைப் பற்றி வகுப்பில் அடிக்கடி பேசுவேன். அதையொட்டி மாணவர்களும் பெற்றோரும் சக ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றை அப்படி விட மனம் வரவில்லை.

வி.ஐ.பி. என்பது என்ன?

வெர்டிகலி இன்டகிரேட்டட் புராஜெக்ட்ஸ் என்பதன் சுருக்கம். ஒரு பேராசிரியர், தாம் ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருக்கும் துறையிலிருந்து ஒரு பெரிய சிக்கலை எடுத்து வைப்பார். அதைச் சுற்றி ஒரு குழு அமையும். இரண்டாம் ஆண்டு மாணவர், மூன்றாம் ஆண்டு மாணவர், இறுதியாண்டு மாணவர், முதுநிலை மாணவர், முனைவர் பட்ட ஆய்வாளர் எல்லோரும் அதே குழுவில் இருப்பார்கள். இது பாடத்திட்டத்துக்குள்ளேயே வரும் ஒரு பாடம். செமஸ்டருக்கு ஒன்று அல்லது இரண்டு கிரெடிட் உண்டு, கிரேடும் உண்டு. சேர்ந்த மாணவர் அடுத்தடுத்த செமஸ்டர்களிலும் அதே குழுவில் தொடரலாம். தொடர வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். அவர் பட்டம் வாங்கிப் போன பிறகும் குழு இருக்கும், வேலை நடக்கும்.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இத்தனை கேள்விகளுக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

பெயரில் ‘வெர்டிகல்’ எதற்கு?

கல்லூரியில் நாம் மாணவர்களை ஆண்டுவாரியாக அடுக்கி வைக்கிறோம். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு இரண்டாம் ஆண்டு மாணவர்தான் துணை. சீனியர்களைக் கேன்டீனிலும் விடுதியிலும் பார்ப்பதோடு சரி. இந்தத் திட்டம் அந்த அடுக்குகளின் ஊடே மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிக்கிறது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், நேற்று வந்தவரும் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவரும் அங்கே இருப்பார்கள். பட்டறையில் தொழில் கற்றுக்கொள்பவன் மூத்த ஆசாரியின் கையைப் பார்த்துக் கற்பது நமக்குப் புதிதல்ல. அதே வழியை ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எப்போது, யாரால் தொடங்கியது?

வேர் இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே 1995இல் எட்வர்ட் கோய்ல், லியா ஜேமிசன் முதலிய பேராசிரியர்கள் எபிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பொறியியல் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, உள்ளூரில் இயங்கும் சேவை அமைப்புகளுக்கு வேண்டிய கருவிகளையும் மென்பொருள்களையும் செய்து கொடுக்க வேண்டும். அமைப்புக்கு ஒரு கருவி செய்து கொடுத்துவிட்டு மாணவர்கள் போய்விட்டால், அது பழுதாகும்போது யார் பார்ப்பது? அதனால் முதலாண்டிலிருந்து இறுதியாண்டு வரை உள்ளவர்களை ஒரே குழுவில் வைத்து, ஆண்டுதோறும் தொடரும் ஏற்பாட்டைச் செய்தார்கள். இந்த எபிக்ஸுக்காக அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் 2005இல் கார்டன் பரிசை வழங்கியது.

சேவைக்கு உதவிய அந்த வடிவம் ஆராய்ச்சிக்கும் உதவும் என்று கோய்ல் கருதினார். 2001இல் பர்டூவிலேயே வி.ஐ.பி. தொடங்கியது. பின்னர் அவர் ஜார்ஜியா டெக்குக்கு வந்தார். அங்கே 2009இல் திட்டம் வேரூன்றியது. இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதைப் பின்பற்றி ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைட், தென்கொரியாவின் இன்ஹா, அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஹாவர்ட், ஹவாய் ஆகிய பல்கலைக்கழகங்களை உதாரணமாகச் சொல்லலாம்.

ஒரு குழு உண்மையில் என்ன வேலை செய்யும்?

பழைய குழு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இ-ஸ்டேடியம் என்பது அதன் பெயர். பர்டூவில் பிறந்து ஜார்ஜியா டெக்கிலும் தொடர்ந்தது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தன்று பல்லாயிரம் பேர் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் கருவிக்கு ஆட்டத்தின் புள்ளிவிவரங்களையும் சற்று முன் நடந்த காட்சியின் வீடியோவையும் அரங்கின் கம்பியில்லா வலையமைப்பு வழியாக அனுப்ப வேண்டும். இதுதான் சிக்கல்.

சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு பேர் ஒரே நொடியில் கேட்டால் வலையமைப்பு திணறும். எந்தப் பகுதியில் எவ்வளவு நெரிசல் என்று அரங்குக்குள் நடந்து நடந்து அளக்க வேண்டும். வீடியோவை வெட்டிச் சுருக்கி உடனுக்குடன் ஏற்ற வேண்டும். ஆட்டத்தின் தரவுகளை ஒழுங்குபடுத்தத் தரவுத்தளம் வேண்டும். சின்னத் திரையில் பார்ப்பவருக்குப் புரியும்படி பக்கத்தை வடிவமைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: சொந்த மண்ணில் ஆட்டம் நடக்கும் நாட்கள் ஆண்டுக்கு ஆறேழுதான். சோதனை செய்து பார்க்க வேறு நாள் கிடைக்காது. இந்த ஆண்டு தவறு நடந்தால் திருத்திப் பார்க்க அடுத்த ஆட்டம் வரை, சில வேளை அடுத்த ஆண்டு வரை, காத்திருக்க வேண்டும். ஆறு மாத புராஜெக்டில் இது முடியவே முடியாது. ஒரு குழு ஆண்டுக்கணக்கில் அதையே பற்றிக்கொண்டு நின்றால்தான் முடியும்.

நம் ஊர் இறுதியாண்டு புராஜெக்டிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், துறைத்தலைவர் அறைக்கு வெளியே ஒரு இரும்பு அலமாரி இருந்தது. ஆண்டுதோறும் சமர்ப்பிக்கும் புராஜெக்ட் அறிக்கைகள் அதில் அடுக்கியிருக்கும். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, உள்ளே ஒட்டிய சி.டி. இடம் போதாமல் போனதால் ஒரு கோடை விடுமுறையில் பழையவற்றைப் பிரித்துப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. மண்ணின் ஈரத்தை அறிந்து தானாகவே தண்ணீர் பாய்ச்சும் கருவி என்று நான்கு வெவ்வேறு ஆண்டுகளில் நான்கு அறிக்கைகள் இருந்தன. நான்கிலும் அதே உணரி (சென்சார்), ஏறக்குறைய அதே மின்சுற்றுப் படம். ஈர உணரியின் கம்பிகள் சில வாரங்களில் அரித்துப்போவதாக முதல் குழு எழுதியிருந்தது. மற்ற மூன்று குழுக்களும் அதே கம்பியை அதே மண்ணில் குத்தி, அதே அரிப்பைப் பார்த்து, ‘எதிர்காலப் பணி’ என்ற தலைப்பின் கீழ் அதே வரியை எழுதியிருந்தன. முந்தைய அறிக்கையை அவர்களில் ஒருவரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு குழுக்களுக்கு மேற்பார்வையாளராகக் கையெழுத்திட்டவன் நான்தான். நானும் எடுத்துக் காட்டவில்லை.

அந்த மாணவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்களுக்கு எட்டாவது செமஸ்டரில் நான்கு மாதம் கொடுத்தோம். வளாக நேர்காணல், அரியர், ரெக்கார்டு, வைவா எல்லாம் அதே நான்கு மாதத்துக்குள். யாரிடமிருந்தும் எதையும் பெற்றுக்கொள்ளவும், யாரிடமும் எதையும் ஒப்படைக்கவும் வழி வைக்கவில்லை. வைவா முடிந்த மறுநாள் கருவி மூலையில் கிடக்கும். அதனால்தான் சிலர் கடையில் காசு கொடுத்து புராஜெக்ட் வாங்கி வந்து வைக்கிறார்கள். நாளை யாருக்கும் பயன்படாது என்று தெரிந்த ஒன்றுக்காக எதற்கு இரவெல்லாம் விழிப்பது என்று அவர்கள் நினைத்தால், அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்த நான்கு குழுக்களும் ஒரே குழுவின் நான்கு தலைமுறையாக இருந்திருந்தால்? இரண்டாம் ஆண்டில் அரிக்காத உணரி வந்திருக்கும். மூன்றாம் ஆண்டில் உண்மையான வயலில் வைத்துப் பார்த்திருப்பார்கள். நான்காம் ஆண்டில் ஒரு விவசாயியாவது அதை வைத்துக்கொண்டிருப்பார். வி.ஐ.பி.க்கும் நம் புராஜெக்டுக்கும் உள்ள வேறுபாடு அறிவிலோ பணத்திலோ இல்லை. கைமாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது, இங்கே இல்லை.

பல துறையினர் சேர வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்?

யாரும் வற்புறுத்துவதில்லை, சிக்கல் கேட்கிறது. மேலே சொன்ன நீர்ப்பாசனக் கருவியையே பாருங்கள். மின்னணுவியல் மாணவருக்கு உணரி தெரியும். பயிருக்கு எந்த நாளில் எவ்வளவு ஈரம் வேண்டும் என்பது வேளாண்மை படித்தவருக்குத்தான் தெரியும். கருவியின் விலை ஒரு சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா என்று பொருளியல் மாணவர் கேட்பார். வயலில் வேலை செய்யும் பெண்கள் அந்தப் பொத்தானை ஈரக் கையால் அழுத்துவார்களா என்று ஒரு சமூகவியல் மாணவர்தான் யோசிப்பார். எங்கள் நான்கு குழுக்களிலும் இருந்த பதினைந்து பேரும் ஒரே துறை. அதனால் நான்கு கருவிகளிலும் மின்சுற்று சரியாக இருந்தது, மற்றதெல்லாம் தப்பாக இருந்தது.

கணினி அறிவியல் படிக்காதவருக்கு இத்தகைய குழுவில் இடம் உண்டா?

உண்டு. குழுவுக்கு எந்தெந்தத் துறை மாணவர்கள் தேவை என்று வழிகாட்டும் பேராசிரியரே அறிவிப்பார். பெயர் தொழில்நுட்பமாக இருந்தாலும் வடிவமைப்பு, உயிரியல், மேலாண்மை, பொதுக்கொள்கை படிப்பவர்களைத் தேடும் குழுக்கள் இருக்கின்றன.

எனக்கு ஒன்றுமே தெரியாது. முதல் செமஸ்டரில் குழுவுக்குப் பாரமாகிவிட மாட்டேனா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் செமஸ்டரில் நீங்கள் பெரிதாக எதுவும் கொடுக்க முடியாது. அது குழுவுக்கும் தெரியும். அந்தச் சில மாதங்கள் பழைய குறிப்பேடுகளைப் படிக்கவும், கருவிகளைக் கையாளப் பழகவும், சீனியர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பிழை தேடுவதைப் பார்க்கவும்தான். இரண்டாம் செமஸ்டரில் ஒரு சிறு பகுதி உங்கள் பொறுப்புக்கு வரும். மூன்றாவதில், புதிதாக வந்தவர் உங்கள் பக்கத்தில் உட்காருவார்.

அந்த மூன்றாம் கட்டத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது என்பது என் அனுபவம். ஒன்றை இன்னொருவருக்கு விளக்கத் தொடங்கும்போதுதான் நமக்கே அது எவ்வளவு அரைகுறையாகத் தெரியும் என்பது புலப்படும். ஒரே செமஸ்டரில் விலகுபவர் கற்றுக்கொள்ளும் செலவை மட்டும் செய்துவிட்டுப் பலனை விட்டுப் போகிறார். சேர்வதானால் குறைந்தது மூன்று செமஸ்டராவது இருப்பேன் என்று முடிவு செய்துகொண்டு சேருங்கள்.

தேர்வு இல்லாமல் எப்படி கிரேடு போடுகிறார்கள்?

ஜார்ஜியா டெக்கில் மூன்று பகுதிகளைப் பார்க்கிறார்கள். நீங்கள் எழுதி வைத்த பதிவுகள் ஒன்று. குழுவின் இலக்குக்கு நீங்கள் தனிப்பட்ட முறையில் செய்த வேலை இன்னொன்று. மற்றவர்களோடு எப்படி இணைந்து வேலை செய்தீர்கள் என்பது மூன்றாவது. குறிப்பேட்டை ஆசிரியர் வாங்கிப் பார்ப்பார். சில குழுக்கள் தாள் நோட்டுக்குப் பதிலாக, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் போன்ற தளங்களில் விக்கிப் பக்கங்களாக எழுதுகின்றன. செமஸ்டரின் நடுவிலும் முடிவிலும் குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிட்டு எழுதுவார்கள். இறுதியில் குழு தன் வேலையை எல்லோர் முன்பும் எடுத்து வைக்கும்.

பதிவுக்கு இவ்வளவு மதிப்பெண்ணா என்று மாணவர்கள் வியப்பார்கள். நம் ரெக்கார்டு நோட்டை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நம் ரெக்கார்டில் முன்கூட்டியே தெரிந்த விடையை அழகான கையெழுத்தில் எழுதுகிறோம். இங்கே எழுத வேண்டியது அன்று என்ன செய்தோம், எது வேலை செய்யவில்லை, ஏன் என்று நினைக்கிறோம் என்பது. அழகு தேவையில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் இன்னும் நல்லது.

குழுவில் ஒருவர் வேலையே செய்யாமல் ஒட்டிக்கொண்டிருந்தால்?

எல்லாக் குழுக்களிலும் வரும் தொல்லை இது. நடு செமஸ்டர் மதிப்பீடு அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. முடிவில் மட்டும் சொன்னால் அது தண்டனை. நடுவில் சொன்னால் திருந்த நேரம் இருக்கிறது. நம் மாணவர்கள் நண்பனைப் பற்றிக் குறை எழுதத் தயங்குவார்கள், எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். அவர்களிடம் நான் சொல்வது: மதிப்பெண்ணை விடுங்கள், அவன் செய்ததாக உங்களுக்குத் தெரிந்த மூன்று காரியங்களை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த வெற்றிடமே பேசிவிடும். வேலை செய்யாதவர் எனத் தோன்றும் பலர், என்ன செய்வது என்று தெரியாமல் வாய் திறக்கக் கூசி நிற்பவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேர அதிக மதிப்பெண் வேண்டுமா? இந்தியாவிலிருந்து போகும் மாணவர் சேரலாமா?

மேல் வரிசை மதிப்பெண்காரர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் கௌரவத் திட்டமாக இது அமைக்கப்படவில்லை. எந்தக் குழு, ஏன் அந்தக் குழு என்று விண்ணப்பிக்க வேண்டும். குழுவின் தேவையோடு அது பொருந்த வேண்டும். இது பாடம் என்பதால், அந்தப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்கும் மாணவர் எந்த நாட்டவராக இருந்தாலும் எடுக்கலாம். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தரும் ஆர்.இ.யூ. என்ற கோடை ஆராய்ச்சித் திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். அது தெரியாமல் விண்ணப்பம் எழுதி ஒரு மாதத்தை வீணாக்கிய மாணவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருக்கும் யூராப், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸ்டோன் ஆகிய திட்டங்களும் இதே போன்றவைதானா?

ஒரே குடும்பம், வெவ்வேறு குணம். யூராப் இவற்றில் மூத்தது. 1969இல் எம்.ஐ.டி.யில் இயற்பியலாளர் மார்கரெட் மக்விகார் தொடங்கினார். அதில் ஒரு மாணவர் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்து, கிரெடிட்டுக்கோ சம்பளத்துக்கோ ஆராய்ச்சி செய்வார். அடிப்படையில் தனிமனித உறவு அது. நல்ல வழிகாட்டி வாய்த்தால் அதற்கு இணை இல்லை. வாய்க்காவிட்டால் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே செமஸ்டர் போய்விடும்.

ஜெம்ஸ்டோன் 1996இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பொறியியல் புல முதல்வராக இருந்த வில்லியம் டெஸ்லரின் முயற்சியில் வந்தது. முதலாண்டிலேயே பல துறை மாணவர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கான ஆய்வுக் கேள்வியைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நான்காம் ஆண்டு முடிவில் குழு முழுவதும் சேர்ந்து ஓர் ஆய்வேட்டை எழுதி, வல்லுநர்கள் முன் வாதிட்டு நிலைநாட்ட வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நூலகர் துணையாக இருக்கிறார். நான் பொறாமைப்படும் ஏற்பாடு அது. கேள்வியை மாணவர்களே தேடுவது அதன் பெருமை. அந்தக் குழு பட்டமளிப்போடு கலைந்துவிடுவது அதன் எல்லை. வி.ஐ.பி.யில் கேள்வி பேராசிரியருடையது, ஆயுள் நீண்டது. தன் கேள்வி வேண்டும் என்பவர் ஜெம்ஸ்டோன் பக்கமும், நீண்ட பயணத்தில் ஒரு கட்டத்தைச் சுமக்க ஆசைப்படுபவர் வி.ஐ.பி. பக்கமும் போகலாம். எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம்.

ஆசிரியருக்கு இதில் என்ன பலன்? ஏற்கெனவே வேலைச்சுமை அதிகம்.

சக ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி, நியாயமானது. சேவை மனப்பான்மையை மட்டும் நம்பி ஒரு திட்டத்தை நடத்தினால் அது தொடங்கியவர் ஓய்வு பெறும் நாளில் நின்றுவிடும். வி.ஐ.பி. அதனால்தான் ஆசிரியரின் சொந்த ஆராய்ச்சியோடு குழுவைக் கட்டுகிறது. குழு முன்னேறினால் அவருடைய ஆராய்ச்சி முன்னேறுகிறது. முனைவர் பட்ட மாணவருக்கு மேற்பார்வை அனுபவம் கிடைக்கிறது. ஆண்டுதோறும் புதிய குழுவுக்குப் புதிய தலைப்பு தேடி, ஒன்றிலிருந்து சொல்லிக்கொடுக்கும் களைப்பும் இல்லை. பாதிப் பாடத்தைச் சீனியர்களே நடத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த நேரத்தை நிர்வாகம் கற்பிக்கும் நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் குழு தொடங்கச் சொல்லும் நிர்வாகத்திடம் ஆசிரியர்கள் துணிந்து மறுப்புச் சொல்லலாம்.

வேலை கிடைக்க உதவுமா?

பெற்றோர் தவறாமல் கேட்பது. நேர்காணலில் ‘நீங்கள் செய்த புராஜெக்டில் எது தோற்றது, எப்படிச் சரிசெய்தீர்கள்’ என்று கேட்டால், இரண்டு ஆண்டு குழுவில் இருந்தவருக்குச் சொல்ல உண்மையான கதை இருக்கும். தனக்கு அறிமுகமில்லாத ஒருவர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்து திருத்திய பழக்கமும் இருக்கும். நிறுவனத்தில் முதல் நாளே செய்ய வேண்டியது அதுதான்.

இந்தியாவில் இப்படித் தலைமுறை தாண்டிய மாணவர் வேலை எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, பெருமைப்படும்படி நடந்திருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2007இல் பிரதம் என்ற சிறு செயற்கைக்கோளைத் தொடங்கினார்கள். எடை சுமார் 10 கிலோ. வளிமண்டலத்தின் அயனிப் பகுதியில் உள்ள எலக்ட்ரான்களின் அளவை அறிவது அதன் வேலை. அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-35 ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது 2016 செப்டம்பர் 26 அன்று. இடையில் ஒன்பது ஆண்டுகள். தொடங்கியவர்கள் எப்போதோ பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். ஒருவர் எழுதி வைத்ததை அடுத்தவர் படித்து, சோதித்து, தமக்குப் பின் வருபவருக்குக் கொடுத்துப் போனதால்தான் அது பறந்தது. அது ஏவப்பட்ட நாளில், கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே எங்கோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்திருக்கக்கூடிய பழைய மாணவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதற்கு முன்பே, 2009 ஏப்ரல் 20 அன்று, அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வளாகத்தில் உருவான 40 கிலோ அனுசாட் விண்ணுக்குப் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுவே. 2010 ஜூலை 12 அன்று ஏவப்பட்ட ஸ்டட்சாட் ஒரு கிலோவுக்கும் குறைவானது. பெங்களூரு, ஹைதராபாத் பகுதிகளின் ஏழு கல்லூரிகள் சேர்ந்து செய்தது. சாதாரணப் பொறியியல் கல்லூரிகள் என்பதைக் கவனியுங்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில், 1981இல் படித்து முடித்த மாணவர்களின் உதவியோடு 2008இல் தொடங்கிய புத்தாக்க மையம் இருக்கிறது. மாணவர்களே நடத்தும் ஆய்வகம் அது. காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் வண்டியை மிக வேகமாக ஓட்டும் முறைக்கு ஹைப்பர்லூப் என்று பெயர்; அதற்காக அங்கிருந்து எழுந்த ஆவிஷ்கார் ஹைப்பர்லூப் குழு 2019இல் கலிபோர்னியாவில் நடந்த ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனப் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டியது. பின்னர் வந்த மாணவர்கள் அதே வேலையைத் தொடர, தையூர் வளாகத்தில் 422 மீட்டர் நீளச் சோதனைக் குழாய் எழுந்தது. பாடத்திட்டத்துக்கு வெளியே இவ்வளவு நடக்கிறது என்றால், கிரெடிட்டும் நேரமும் கொடுத்தால் எவ்வளவு நடக்கும்!

கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்?

குழுவுக்குக் குழு மாறும். நிறுவன நிதியில் நடக்கும் குழுவில் சேரும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கலாம். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். புரியாத இடத்தை ஆசிரியரிடம் கேளுங்கள்.

வெளிநாடு போக வசதி இல்லை; குறுகிய காலமாவது ஆராய்ச்சி அனுபவம் பெற வழி உண்டா?

இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. இரண்டு மாதம் நாட்டின் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்டுகளுக்கு நிதி தருகிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க், ஜெர்மனியின் டாட் வைஸ் ஆகிய ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டங்கள் இந்திய மாணவர்களுக்குச் செலவுக்குத் தொகை தந்து அழைத்துக்கொள்பவை. இவை பெரும்பாலும் தனி ஆளாகச் சில வாரம் செய்பவை. குழு அனுபவத்துக்கு ஈடாகாது. இருந்தாலும் ஒரு ஆய்வகம் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் கல்லூரியில் இப்படி எதுவும் இல்லை. நாங்களாகவே தொடங்க முடியுமா?

முடியும். அனுமதிக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடிய பகுதியிலிருந்து தொடங்குங்கள். இறுதியாண்டு மாணவர் என்றால், உங்கள் நான்கு பேர் குழுவோடு இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. பரவாயில்லை, வேலையில் வரட்டும். அவர்களில் ஒருவர் வேறு துறையாக இருந்தால் நல்லது. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று கூடுங்கள். பரீட்சை வாரத்திலும் பத்து நிமிடமாவது கூடுங்கள். சிக்கலைத் தேடி இணையத்துக்குப் போக வேண்டாம். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, உங்கள் கல்லூரியின் சமையலறையிலோ ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் பத்து ஆண்டுக்கான சிக்கல் கிடைக்கும்.

இரண்டாம் ஆண்டு மாணவர் என்றால், அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய அறிக்கைகளில் ஒன்றை எடுத்து, ‘எதிர்காலப் பணி’ என்று எழுதியிருக்கும் கடைசிப் பக்கத்திலிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள். எழுதியவரைத் தேடிப் பிடித்து ஒரு போன் செய்யுங்கள். தான் விட்டுப் போனதை யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு மகிழாத பழைய மாணவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

அடுத்தவருக்கு ஒப்படைக்கும்போது குறிப்பேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

உங்களை ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவர் அதைப் படிக்கிறார் என்று நினைத்து எழுதுங்கள். கருவியை எப்படி இயக்குவது, எந்தக் கடையில் எந்த உதிரிப்பாகம் என்ன விலைக்கு வாங்கினீர்கள், நிரல் எந்தக் கணக்கில் இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது. முயன்று கைவிட்ட வழிகளைக் காரணத்தோடு எழுதுங்கள். வெற்றி பெற்ற வழியைவிட அதுதான் அடுத்தவருக்கு மாதக்கணக்கில் நேரம் மிச்சப்படுத்தும். யாரிடம் என்ன கேட்கலாம் என்றும் எழுதுங்கள்: கம்பி அரிப்பைப் பற்றி வேதியியல் துறையில் எந்த ஆசிரியர் பொறுமையாகப் பேசுவார், மாலை ஆறு மணிக்கு மேல் ஆய்வகச் சாவியை யார் கொடுப்பார். பிறகு அந்த நோட்டைப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கருவியை ஓட்டட்டும். அவர் எங்கே தடுமாறி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்தப் பக்கத்தை அன்றே திருத்தி எழுதுங்கள்.